மூன்று கிலோ இயற்பியல்

ஆரல்வாய்மொழியில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
ஆனி மாதத்தில் அது சும்மா வீசுவதுமில்லை,
தூக்கிக்கொண்டு போக எதையாவது தேடுகிறது.
பஸ் டிக்கெட், துப்பட்டா,
முப்பந்தல் சாலையில் லாரி உதிர்த்த வைக்கோல்,
நான் இரவல் வாங்கிய ட்ரைபாட்.

முதல் நாள் அது சாய்ந்தபோது
கேமராவை மார்போடு பிடித்துக்கொண்டு விழுந்தேன்.
முழங்கை கிழிந்தது.
"ஒனக்கு என்னவாவது ஆச்சாட்டி?" என்றாள் ஜெரிஷா.
நான் லென்ஸில் ஒட்டிய மண்ணை ஊதிக்கொண்டிருந்தேன்.

கேமரா சுபின் அண்ணனுடையது.
கருங்கல், தக்கலை, மார்த்தாண்டம் என்று
முகூர்த்தம் விழுந்த ஞாயிறெல்லாம்
அவனுக்கு நான் வெளிச்சம் பிடிக்கிறேன்.
முந்நூறு ரூபாய், ஒரு பிரியாணி,
அப்புறம் புதன் வரைக்கும் இந்தக் கேமரா.
கைப்பிடி ரப்பர் உரிந்தது,
ஒரு லட்சத்து நாற்பதாயிரம் முறை கண் சிமிட்டியது.
அதில் பாதிக்கு மேல் தாலிக்கும் மோதிரத்துக்கும்.

செமஸ்டர் முடிவு வந்தது.
ஒளியியலில் இருபத்தெட்டு.
கேமரா தூக்கி அலைபவளுக்கு
வெளிச்சத்தில் அரியர் என்று
வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும்தான்.
வேறு பாடத்தில் போயிருந்தால் இவ்வளவு சிரிப்பு வந்திருக்காது.

பூச்சந்தை முடிந்து வந்த அம்மா
மதிப்பெண்ணைக் கேட்கவில்லை.
"எனக்க ஆதார் படத்தை மாத்தித் தாட்டி,
அதுல களவாணி போல இருக்கேன்."
அது அவங்க மெஷின்லதாம்மா எடுப்பாங்க.
"பின்ன ஒனக்க கேமரா எதுக்கு?"
இரண்டு நாளாக யோசிக்கிறேன்.
அரியர் கட்டணத்தை அவள்
மல்லிகை நாரின் ஈரம் காயாத கையால் எண்ணித் தந்தாள்.

இன்று தோவாளையில் இறங்காமல்
இருக்கையிலேயே இருந்துவிட்டேன்.
கண்டக்டர் திரும்பிப் பார்த்து மேலே டிக்கெட் கிழித்தார்.
கூட ஜெரிஷா. "படிக்கத்தானே போறோம், கேட்டியா" என்று
தனக்கே சொல்லிக்கொண்டு.

காற்றாலைகளுக்குப் பின்னால் மலை.
இங்கே சூரியன் சீக்கிரம் ஒளிந்துவிடும்,
அதன் பிறகு மிஞ்சும் சாம்பல் வெளிச்சம்தான் எனக்கு வேண்டும்:
அரை நொடி திறந்து வைத்தால்
மலை நிற்கும், இறகு மட்டும் கரையும்.
அரை நொடி ட்ரைபாட் நிற்க வேண்டுமே.

பையைக் கழற்றி அதன் நடுக்கொக்கியில் மாட்டினேன்.
ஒளியியல், கணித இயற்பியல், ரெக்கார்டு நோட்டு,
பாதி சாப்பிட்ட டிபன் பாக்ஸ்.
மூன்று கிலோ இருக்கும்.
ட்ரைபாட் கால் ஊன்றியது.
மூன்று வருடத்தில் இந்தப் புத்தகங்கள்
எனக்குச் செய்த முதல் உதவி என்று நினைத்தேன்.
அதற்குள் பை ஆடத் தொடங்கியது,
தனி ஊசல், முதல் செமஸ்டர், இரண்டாம் சோதனை.
படமெல்லாம் இரட்டை மலை.

"கல்லு வச்சா போராதாட்டி?"

போதும்தான்.
பையில் கல்லை நிரப்பித் தரை தொட இறக்கிவிட்டு
ஒளியியலை மடியில் எடுத்துக்கொண்டேன்.
வெள்ளிக்கிழமை தேர்வு.
ஒரு சிமிட்டல், ஒரு பத்தி.
ஒரு சிமிட்டல், ஒரு வரைபடம்.
ஒளி ஒரு விளிம்பைத் தாண்டும்போது
நேராகப் போகாமல் கொஞ்சம் வளைகிறது என்றிருந்தது.
நிமிர்ந்து இறகின் விளிம்பைப் பார்த்தேன்.
அங்கே ஒன்றும் வளையவில்லை. குளிர் மட்டும் ஏறியது.
மறுபடி வாசித்தேன், இம்முறை
தேர்வுக்காக அல்ல.

அப்போதுதான் காற்று வந்து
தையல் விட்ட புத்தகத்திலிருந்து ஒரு தாளைப் பிடுங்கியது.
ஜெரிஷா வேலிக்காத்தான் புதர் வரை ஓடினாள்.
நான் ஓடவில்லை. ஷட்டர் திறந்திருந்தது.

கடைசி பஸ்ஸில் அவள் பேசவில்லை.
முப்பத்தொரு படத்தில் ஒன்று தேறியிருக்கிறது.
மலை நிற்கிறது. இறகுகள் மூன்றும் பஞ்சாகியிருக்கின்றன.
இடது மூலையில் கோடாக ஒரு வெள்ளை.
பெரிதாக்கிப் பார்த்தேன், எழுத்து தெரியுமா என்று.
இல்லை.

நூற்று எண்பத்தேழாம் பக்கம்.
ஜெரிஷாவிடம் புத்தகம் கேட்க வேண்டும்,
அவள் கோபம் தணிந்த பிறகு.
வெள்ளமடம் தாண்டும் முன்
இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்க்கிறேன்.